மூன்றும் சேர்ந்த துபாய் பேக்கேஜ்: சேத்தியாத்தோப்பு வீட்டுக்கு ஒரு விளக்கக் கடிதம்

பாலைவனச் சவாரி, பகலில் ஊர் சுற்றல், இரவில் படகுச் சாப்பாடு என மூன்றையும் ஒரே விலையில் கட்டி விற்பதுதான் துபாயின் காம்போ பேக்கேஜ். இதை விற்காத டிராவல்ஸ் அந்த ஊரில் இல்லை. அத்தையின் வாட்ஸ்அப்புக்கு ஒட்டகப் படத்தோடு வந்த நோட்டீஸும் இதுவே. "மூணும் சேத்து எடுத்தா கொறையும்ல?" என்று அத்தை கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா, அம்மா, ஆயா மூவரும் ஒரே நேரத்தில் பேசுகிற போனில் எந்த விளக்கமும் கரையேறுவதில்லை. ஆகவே விவரம் எழுத்தில் தரப்படுகிறது. துபாயில் இருக்கிற பிள்ளை எல்லாவற்றையும் பார்த்திருப்பான் என்பது சேத்தியாத்தோப்பில் நிலவும் நம்பிக்கை. இதை எழுதுபவன் புர்ஜ் கலீஃபாவைப் பார்த்திருக்கிறான்தான். கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாக, போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம்.

முதலில் பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை துபாய் மனிதர் நடமாடக்கூடிய ஊர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டமே இருக்கிறது. அந்தத் தடை முடிகிற மூன்று மணிக்குத்தான் டெசர்ட் வண்டி ஹோட்டல் வாசலுக்கு வருகிறது. கூலி வாங்கிக்கொண்டும் நிற்க முடியாத வெயிலில் காசு கொடுத்து நிற்பதில் அர்த்தமில்லை. மே, ஜூன் பள்ளி விடுமுறையை நினைத்து அத்தை போட்ட கணக்கு இங்கேயே அடிபடுகிறது. சம்பா அறுவடை முடிந்து, ஆலையில் கட்டிங் ஆர்டர் வந்து கரும்பு வெட்டு முடியும்வரை அப்பா ஊரை விட்டு நகர மாட்டார் என்பதால் பிப்ரவரிக்கு முன்னால் பேச்சே இல்லை. ஆனால் இந்த ஆண்டுகளில் ரமலான் நோன்பு பிப்ரவரி, மார்ச்சையொட்டி வருகிறது. நோன்பு மாதத்தில் பாலைவன முகாம்களில் ஆட்டமும் பாட்டும் கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டு. மாமாவுக்கு இது வருத்தமான செய்தி; அத்தைக்கு அல்ல.

அடுத்தது பிக்கப். பேக்கேஜில் "வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொள்வோம்" என்று இருந்தாலும் அது ஹோட்டல் வாசலைத்தான் குறிக்கும். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு டூர் வண்டி வராது. வந்தாலும் பயனில்லை, கம்பெனி அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள் இருக்கின்றன, விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை. எனவே துபாயின் தேய்ரா பகுதியில் ஒரு ஹோட்டல் பிடிப்பது முதல் செலவு. "புள்ள ரூம் இருக்கறப்ப ஹோட்டல் எதுக்கு" என்ற ஆயாவின் கேள்விக்கு வேறு விடை இல்லை.

மூன்றில் பெரியது பாலைவனம். துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில், லஹ்பாப் பக்கத்தில் செம்மணல் மேடுகள் இருக்கின்றன. மணல் துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. பெரும்பாலான டெசர்ட் வண்டிகள் அங்கேதான் போகின்றன. துபாய் பாலைவனக் காப்பகம் என்று 225 சதுர கிலோமீட்டரில் வேலி போட்ட பகுதி ஒன்றும் உண்டு. அரபு மான்கள் அங்கே திரிகின்றன. அங்கே போகிற பேக்கேஜ் விலை கூடுதல், வண்டியைக் கண்டபடி ஓட்டவும் விட மாட்டார்கள். மானைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று அப்பா கேட்பார் என்பதால் அதை விட்டுவிடலாம்.

மணல்மேட்டில் ஏறி இறங்கும் வண்டி பெரும்பாலும் லேண்ட் க்ரூஸர். உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு பொருத்தியிருக்கும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருப்பதற்காக. இதை ஆயாவிடம் சொல்ல வேண்டாம். முதுகு, கழுத்து, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் ஏறக் கூடாது என்பது பொது விதி. எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். படித்துக் காட்டாமல் ஆயா எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். படித்துக் காட்டினால் வண்டியில் ஏற மாட்டார். இப்படிப்பட்டவர்களை மேட்டில் ஏற்றாமல் தார்ச்சாலை வழியாக நேரே முகாமில் கொண்டு விடும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குவது அவசியம். ஆயாவுக்குத் துணையாக அப்பாவும் நேரே முகாமுக்குப் போவது நல்லது. அவருடைய இடுப்பு வலி ஊரறிந்தது. அவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதும் ஊரறிந்தது.

அப்பா கட்டாயம் ஆட்சேபிக்கப்போகிற விஷயம் ஒன்று இருக்கிறது: டயர். தார்ச்சாலை முடிகிற இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். ஒவ்வொரு டயர் அருகிலும் குந்தி, வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் பின்னை அழுத்துவார். உஸ்ஸென்று காற்று இறங்கும். முப்பத்தைந்து பவுண்டு போல இருந்தது பதினைந்து பக்கம் வரும்வரை விட மாட்டார். சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டில் காற்று அடிக்கத்தான் காசு; இங்கே காற்றைப் பிடுங்கக் காசு. காரணம் எளிது. காற்று குறைந்த டயர் தரையில் சப்பையாகப் படிந்து நீளும், வண்டியின் பாரம் அதிக இடத்தில் பரவும், சக்கரம் மணலுக்குள் புதையாமல் மேலே மிதக்கும். சேற்று உழவுக்கு டிராக்டரில் இரும்புக் கேஜ் வீல் மாட்டுவது எதற்கோ அதற்குத்தான் இதுவும். இதை அப்பாவிடம் சொன்னால், "அப்ப கேஜ் வீல மாட்ட வேண்டியதுதான" என்பார். பிறகு கீழே இறங்கி, டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, பின்னால் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்று தமிழில் யோசனை சொல்வார். டிரைவர் பெரும்பாலும் பட்டாணியராக இருப்பார், அவர் தலையாட்டுவார்.

விஷயம் இதோடு முடியவில்லை. காற்று குறைந்த டயரோடு தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கும். ஆகவே திரும்பும்போது மறுபடி நிறுத்திக் கம்ப்ரஸரில் காற்றடிக்க வேண்டும். போகும்போது காற்றை விட ஒரு நிறுத்தம், வரும்போது காற்றை அடைக்க ஒரு நிறுத்தம். பேக்கேஜ் நோட்டீஸில் தண்ணீர் பாட்டில் முதற்கொண்டு எல்லாம் பட்டியலாக இருக்கும், இந்தக் காற்று மட்டும் இருக்காது. ஆனால் இந்த நிறுத்தத்தில்தான் பேக்கேஜின் குணம் தெரியும். சில வண்டிகள் வெறும் சாலையோரத்தில் நிறுத்தி நாலு டயரையும் தளர்த்திக்கொண்டு உடனே கிளம்பிவிடுகின்றன. வேறு சில, கடைகளும் நாலுசக்கர பைக் வாடகைக்கு விடுகிற இடமும் உள்ள ஒரு வளாகத்தில் நிறுத்துகின்றன. அங்கே காற்று மிக மெதுவாக இறங்கும். டயரில் காற்று இறங்கும்வரை பையில் காசும் இறங்கும்: தலையில் கட்டும் அரபுத் துணி, பாட்டிலில் அடைத்த வண்ண மணல், பைக் வாடகை. ஆக, விலை கேட்பதற்கு முன் டிராவல்ஸிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "காற்றை எங்கே இறக்குவீர்கள்?" என்பது. இந்தக் கேள்வியைக் கேட்பவரைக் கண்டால் அவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள்.

வண்டியில் எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். கடைசி வரிசைதான் அதிகம் தூக்கிப் போடும். நீடாமங்கலம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் எலுமிச்சம்பழம் முகர்ந்த அம்மாவுக்கு டிரைவர் பக்கத்து இருக்கை, மாமாவுக்குக் கடைசி வரிசை. மதியச் சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. ஒரு வண்டியில் ஆறேழு பேர் ஏற்றுவார்கள். வீட்டில் ஐந்து பேர் வருவதால் ஒன்றிரண்டு அந்நியர்களோடு இடித்துக்கொண்டு போவதைவிடத் தனி வண்டி கேட்டால் தலைக்கு ஆகும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. மேட்டில் ஏறி இறங்குவது அரை மணி, முக்கால் மணி. பிறகு சூரியன் மறைவதைப் படமெடுக்க ஒரு மேட்டில் நிறுத்துவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது நல்லது. மணல் அதற்குள் குளிர்ந்திருக்கும்.

முகாம் என்பது கூடாரங்களால் சூழப்பட்ட ஒரு முற்றம், நடுவே மேடை. தரையில் கம்பளம், தாழ்வான மெத்தை. உட்காருவது எளிது, ஆயா எழுந்திருப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நாற்காலி, மேசை உண்டா என்பது டிராவல்ஸிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி. ஒட்டகச் சவாரி இலவசம். கூடாரத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் ஊன்றும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் கவிழ்வார். அந்த நேரத்தில் பின்னால் சாய்ந்துகொள்ள வேண்டும். பலர் சவாரியின் அழகைவிட இந்த ஒரு நொடியைத்தான் ஊரில் போய்ச் சொல்கிறார்கள். மருதாணி கையில் சின்னதாக ஒரு பூ மட்டும் இலவசம். கையில் வல்லூறை உட்கார வைத்துப் படம் எடுத்தால் காசு. சாப்பாட்டில் சைவத்துக்குத் தனி வரிசை இருக்கும். துபாய்க்கு அதிகம் வருபவர்களில் இந்தியர்கள் முன்னணியில் இருப்பதால் பருப்பும் சோறும் இல்லாத முகாம் அபூர்வம். மேடையில் தீ விளையாட்டு, எகிப்திலிருந்து வந்த தனூரா என்னும் சுழல் நடனம், பிறகு பெல்லி டான்ஸ். கடைசி நிகழ்ச்சியின்போது எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள். அத்தை மாமாவைப் பார்ப்பார்.

இரண்டாவது, சிட்டி டூர். காலை ஒன்பது மணிக்கு ஏற்றி ஒரு மணிக்கு இறக்கிவிடும் பஸ் பயணம் இது. 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டது. சிட்டி டூரில் அதைக் கீழே நின்று பார்க்கலாம். 124ஆம் மாடிக்கு ஏறத் தனி டிக்கெட், சாயங்கால நேரத்துக்கு விலை இன்னும் கூடுதல். பேக்கேஜ் விலையில் அது சேர்ந்திருந்தால் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் இல்லை. பாய்மர வடிவிலான புர்ஜ் அல் அரப் ஹோட்டலையும் கடற்கரையிலிருந்து பத்து நிமிடம் பார்க்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் இருபது குடும்பங்கள் ஒரே இடத்தில் நின்று படமெடுக்கும்.

பஸ் அவசரமாகக் கடந்து போகிற இடம்தான் நின்று பார்க்கத் தகுந்தது. பர் துபாயில் அல் ஃபஹீதி என்னும் பழைய குடியிருப்பு இருக்கிறது. சந்துகள், பவழக் கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர்கள், கூரைக்கு மேலே நாலு பக்கமும் திறந்த சதுரக் கோபுரங்கள். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்குவதே அந்தக் கோபுரங்களின் வேலை. கரண்டு வருவதற்கு முன் துபாயில் ஏசி இதுதான். ஏசி குழாய் மாட்டிப் பிழைக்கிற ஒருவன் இதைப் புகழ்வது தொழில் தர்மம் ஆகாது, ஆனாலும் அந்தச் சந்து ஜனவரியிலும் மார்ச்சிலும் நிஜமாகவே குளிர்ச்சி. அருகிலுள்ள கோட்டை 1787இல் கட்டப்பட்டது. துபாயில் அதைவிடப் பழைய கட்டடம் நிற்கவில்லை என்கிறார்கள். கங்கைகொண்டசோழபுரம் பார்த்தவர்கள் அங்கே சிரிக்காமல் இருப்பது மரியாதை.

ஆயா கோயில் கேட்பார். பர் துபாயில் பல பத்தாண்டுகளாக இருந்த கோயிலை 2024 தொடக்கத்தில் ஜபல் அலிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே 2022 அக்டோபரிலேயே புதிய கோயில் திறக்கப்பட்டிருந்தது. சிட்டி டூர் பஸ் அங்கே போகாது. அத்தை கேட்கப்போவது தேய்ராவின் தங்கக் கடைத்தெரு. அங்கே எல்லா பஸ்ஸும் போகும், அதிக நேரமும் நிற்கும். வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கும் மேல் தங்கியிருந்தவர்களுக்கே இந்திய சுங்கத்தில் நகைச் சலுகை உண்டு. ஒரு வாரம் வந்து போகிறவர்களுக்கு இல்லை. பார்ப்பதற்குச் சுங்கம் கிடையாது.

மூன்றாவது, படகு. டவ் என்னும் மரப்படகில் விளக்குத் தோரணம் கட்டி, கீழ்த்தளத்தில் ஏசியும் மேல்தளத்தில் காற்றுமாக, இரவு எட்டரைக்கு ஏற்றிப் பத்தரைக்கு இறக்குவார்கள். மெரினாவில் ஒன்று, க்ரீக்கில் ஒன்று என இரண்டு வகை. மெரினா ஆள் வைத்து வெட்டிய மூன்று கிலோமீட்டர் வாய்க்கால், இரு புறமும் உயர்ந்த மாடிக் கட்டடங்கள், விலை அதிகம். க்ரீக் ஊருக்குள் நுழைந்த கடல். எண்ணெய் கிடைத்தது 1966இல். அதற்கும் முன்பே, 1959 வாக்கில் துபாயின் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் கடன் வாங்கி இந்தக் க்ரீக்கைத் தூர்வார ஆரம்பித்தார். பெரிய படகுகள் உள்ளே வந்தன, வியாபாரம் வந்தது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டைக்கு அரபிகள் வந்து போன காலத்தில் துபாய் என்ற பேர் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது பரங்கிப்பேட்டைக்காரர்களும் லால்பேட்டைக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள்.

டவ் படகு கரையோரமாக ஒரு பக்கம் போய்த் திரும்பி அதே கரையைக் காட்டிக்கொண்டு வரும். மேலே அதே தனூரா நடனம், அதே பஃபே, அதே பருப்பு. பத்தரை மணிக்குக் கரை சேரும்போது சேத்தியாத்தோப்பில் நள்ளிரவு பன்னிரண்டு. ஊரில் எட்டு மணிக்கெல்லாம் பாயைப் போடும் ஆயாவுக்கு, அவருடைய தூக்க நேரம் துபாயில் ஆறரைக்கே வந்துவிடும். படகு கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே.

இதே க்ரீக்கில் தேய்ராவுக்கும் பர் துபாய்க்கும் நடுவே அப்ரா என்னும் சின்ன மரப்படகு பகலெல்லாம் ஓடுகிறது. இருபது பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து போகலாம், கட்டணம் ஒரு திர்ஹம், அதாவது இருபத்துச் சொச்சம் ரூபாய். சாப்பாடு இல்லை, நடனம் இல்லை, தண்ணீர் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில். பிச்சாவரத்தில் படகு ஆடியதற்கே கூச்சல் போட்ட அத்தை நடு பெஞ்சில் உட்காரலாம்.

இனி "சேத்து எடுத்தா கொறையுமா" என்ற கேள்வி. குறையும். குறைவது விலையில் கொஞ்சம், நேரத்தில் நிறைய. பல காம்போக்களில் காலை சிட்டி டூரும் மாலை பாலைவனமும் ஒரே நாளில் வரும். ஒரு மணிக்கு இறங்கி மூன்று மணிக்கு மறுபடி ஏற வேண்டும். மொத்தக் காசும் முன்பணம், ஒருவருக்கு முடியவில்லை என்றால் திரும்பக் கிடைப்பது கடினம். 5 சதவீத வாட் வரி சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், காம்போ ஓடுவது வேலை நாள், விடுமுறை நாள் என்று பார்க்காமல். வேலை நாட்களில் இதை எழுதுபவன் ஏதாவதொரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இருப்பான். துபாய் வந்த வீட்டார் வேறு யாரோ ஒரு கைடு பின்னால் நடந்துவிட்டு, இரவு ஹோட்டல் வாசலில் அரை மணி நேரம் மகனைப் பார்ப்பது எந்தப் பேக்கேஜிலும் குறிப்பிடப்படாத செலவு.

எனவே தீர்ப்பு: பாலைவனம் மட்டும் டிராவல்ஸில், தனி வண்டியில், நாற்காலி உள்ள முகாமாகப் பார்த்து. ஊரும் படகும் ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவிலும் அப்ராவிலும். வழிகாட்டி செலவில்லாமல் கிடைப்பான். அரபி தெரியாது, ஆனால் துபாயில் தேவைப்படும் மலையாளமும் இந்தியும் தெரியும். மெட்ரோவில் தின்றால் 100 திர்ஹம் அபராதம். ஆயா மடியிலிருந்து எடுக்கும் ஒரு முறுக்கு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும் என்பதால், முறுக்குத் தூக்கு அன்று முழுக்க வழிகாட்டியின் பொறுப்பில் இருக்கும்.

அத்தை முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஐந்து பேரின் பாஸ்போர்ட் நகலையும் முதல், கடைசிப் பக்கம் தெளிவாகத் தெரியும்படி அனுப்பினால் போதும். அப்பாவின் இடுப்பு வலி மாத்திரையில் டிரமடால் இருக்கிறதா என்று மருந்துக் கடையில் கேட்க வேண்டும். இருந்தால் அமீரகத்துக்கு முன் அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. கசகசாவுக்கும் இங்கே தடை, பிடித்தால் சிறை. ஆகையால் ஆயா மகனுக்காக அரைத்துக் கொடுக்கும் குழம்புப் பொடியிலும் குருமாப் பொடியிலும் இந்த முறை கசகசா வேண்டாம். பொடி மட்டும் கட்டாயம் வேண்டும், இரண்டு கிலோ.